ஒரே பெஞ்சு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். இந்த மெல்பர்னில் அந்த நம்பர் செல்லில் தெரிந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காய்ச்சலோ, எங்காவது விழுந்து வைத்தாளோ என்று வெளியே ஓடி வந்து எடுத்தேன். டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் வர முடியுமா?"

போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. யாரோ நம் பெண்ணை நிறத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், இல்லை சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். இன்று விடுவதில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன்.

கதை தலைகீழ். சொன்னது என் மகள். தெற்கு சூடானிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி விளையாட்டில் கை கோர்க்க வந்திருக்கிறாள். என் மகள் கையை இழுத்துக்கொண்டு, "உன் கலர் என் மேல ஒட்டிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். எட்டு வயசு.

தயார் செய்து வைத்திருந்த நாலு வாக்கியமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "வெயில்ல ஆடாதடி, கறுத்துப் போயிடுவ" என்று வாட்ஸ்அப் வீடியோவில் வாராவாரம் பாட்டி சொல்கிறார். கல்யாணப் பேச்சு வந்தால் "பொண்ணு நல்ல கலர்" என்று தங்கமணியின் அக்கா சொல்கிறார். ரயிலில் பக்கத்தில் ஆப்பிரிக்கப் பையன்கள் உட்கார்ந்தால் நானே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். குழந்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். இந்த வெட்கம் எனக்குப் புதுசில்லை. முதல் தடவை வந்தது மைசூரில், 1991 டிசம்பரில். (2014 நவம்பர் 1 முதல் அது அரசாங்கக் கணக்கில் மைசூரு. என் வாயில் இன்னும் மைசூர்தான்.)

அப்பாவுக்கு அசோகபுரத்தில் இருக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ல் ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 11-ல் அது மத்திய அரசின் கெஜட்டில் வந்தது. மறுநாளே பெங்களூர் பற்றி எரிந்தது. மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பல குடும்பங்கள் கிடைத்த வண்டியில் ஏறித் தமிழ்நாட்டுக்கு ஓடின. நாங்கள் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் எங்களை இரண்டு ராத்திரி அவர்கள் வீட்டு உள்ளறையில் வைத்துக்கொண்டது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று என் பெஞ்சுக்காரன் தன் பையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டான். பின்னாலிருந்து எவனோ "கொங்க" என்றான். தமிழர்களைக் கன்னடத்தில் மட்டமாகச் சொல்லும் வார்த்தை அது. சிரிப்பு. அப்போது காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தவன் அசோகபுரத்துப் பையன் ஒருத்தன். எதுவும் பேசவில்லை. உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

சமூகப் பாடம் எடுக்கும் மிஸ் உள்ளே வந்தார். அவர் கன்னடத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கேட்காத மாதிரி பாடத்தை ஆரம்பிக்கவில்லை. "இந்த வார்த்தை இந்த வகுப்பில் இனிமேல் வராது" என்று ஒரே வாக்கியம். என்னை எழுப்பி நிறுத்தி "பாவம் இவன்" என்று சொல்லவில்லை. அதற்கு இன்றும் நன்றி. பிறகு போர்டில் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றை வரைந்து, அவரவர் பாட்டி ஊர் எங்கே என்று கேட்டார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டு வரிசையாக எழுதினார். கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு, மராட்டி, துளு, கொங்கணி... நாற்பது பேர் வகுப்பில் ஏழு மொழி. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெஞ்சு மாறும் என்று விதி போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் பாதிக்கப்பட்டவன், மிஸ் நல்லவர் என்று கதையைச் சுலபமாக முடித்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து அதே மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்ணீர்ப் பானையில் அசோகபுரத்துப் பையன் குடித்து வைத்த டம்ளரை நான் இரண்டு தடவை கழுவிவிட்டுக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். "மற்றவர்கள் குடித்தால் கழுவுகிறாயா?" இல்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் அவன் வந்தால் அம்மா தனி டம்ளரில் காபி கொடுப்பார். நான் பார்த்துப் பழகியது அதுதான். என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதபோது வந்து உட்கார்ந்தவன் அவன்.

அசோகபுரத்தின் பழைய பெயர் ஆதிகர்நாடகபுரம், அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அவர்களுடைய தாத்தாக்கள் பள்ளிக்கூட வாசலில் எப்படி நின்றார்கள் என்பதை அன்று மிஸ் சொல்லித்தான் கேட்டேன். மீதியைப் பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மைசூர் சமஸ்தானம் அந்தக் காலத்தில் முன்மாதிரி சமஸ்தானம் என்று பெயர் வாங்கியது. 1913-லேயே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1916-ல் பல்கலைக்கழகம். ஆனால் பஞ்சமர் என்று அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்தான். பொதுப் பள்ளிக்கூடத்தில் அவர்களைச் சேர்த்தால் மற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்பார்கள். கல்வித் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த சி. ஆர். ரெட்டி (பிற்பாடு ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர்) அரசுப் பள்ளிகளின் கதவை இந்தப் பிள்ளைகளுக்கும் திறக்கப் பாடுபட்டார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் இருந்தது.

கதவு திறந்தால் போதுமா? உள்ளே வாத்தியார் யார்? 1917-ல் பிராமணரல்லாதோர் சேர்ந்து பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கி மகாராஜாவிடம் முறையிட்டார்கள். 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. ஏழு வருடத்துக்குள் மேல்நிலை உத்தியோகங்களில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத சமூகங்களுக்குப் போக வேண்டும் என்று 1919-ல் அது பரிந்துரைத்தது. 1921-ல் அரசாங்கம் ஏற்றது. திவான் விஸ்வேஸ்வரய்யா இந்த யோசனைக்கு உடன்படாமல் 1918-லேயே பதவியை விட்டுப் போனார். அணையும் ஆலையும் கட்டிய மேதைக்கும் இந்த விஷயத்தில் மாற்றுக் கருத்து இருந்தது. வரலாற்றில் மனிதர்கள் இப்படித்தான், முழுசாக ஒரே பக்கம் நிற்பதில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-ல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். முப்பது வருடம் கழித்தும் சேரன்மாதேவி குருகுலத்தில் என்ன நடந்தது? வ.வே.சு. ஐயர் போன்ற தேசபக்தர் நடத்திய பள்ளியிலேயே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. 1924, 25-ல் தமிழ்நாட்டு அரசியலையே அது புரட்டிப் போட்டது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் 1920-களின் கடைசியில் "சம ஆசனம், சம போசனம்" என்று பள்ளிக்கூடங்களுக்கு உத்தரவு வந்தபோது சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. ஒரே பெஞ்சில் உட்காருவதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்கள் நம்மவர்கள். வெள்ளைக்காரன் இனவெறியைப் பற்றி நாம் ஃபேஸ்புக்கில் பொங்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இதிலெல்லாம் எனக்குத் தெரிவது ஒன்று. சட்டம் கதவு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு வரும். கதவிலிருந்து பெஞ்சு வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியது வாத்தியார்.

அமெரிக்காவில் 1960 நவம்பர் 14-ல் நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, மார்ஷல்கள் காவலோடு வெள்ளைப் பள்ளிக்குள் போனாள். கோர்ட் உத்தரவு உள்ளே கொண்டுபோய் விட்டது. மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற டீச்சர் அந்த வருடம் பூராவும் அந்த ஒரே குழந்தைக்குப் பாடம் நடத்தினார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அயோவாவில் ஜேன் எலியட் என்ற டீச்சர் வகுப்பை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, ஒரு நாள் இவர்கள் உசத்தி, இன்னொரு நாள் அவர்கள் உசத்தி என்று நடத்திக் காட்டினார். பிரபலமான பரிசோதனை. ஆனால் குழந்தைகளை அழவைத்துக் கற்பிக்கலாமா என்ற கேள்வி அதற்கு இன்றும் உண்டு. என் மிஸ்ஸின் திங்கட்கிழமை பெஞ்சு மாற்றம் அதைவிட மெதுவானது, ஆனால் யாரையும் அழவைக்கவில்லை.

மைசூரிலேயே வாத்தியாராக இருந்து இதை யோசித்தவர் குவெம்பு. மகாராஜா கல்லூரியில் 1929-ல் ஆசிரியராகச் சேர்ந்து, 1956-ல் மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். பிறக்கும்போது எல்லாக் குழந்தையும் விசுவமானவன், உலக மனிதன். வளர வளர நாம்தான் சாதி, மதம், மொழி என்று குறுக்கிவிடுகிறோம். திரும்ப விசுவமானவனாக ஆக்குவதுதான் கல்வியின் வேலை என்பது அவர் கருத்து. அதே ஊரில் வாழ்ந்த நம்ம ஆர். கே. நாராயணின் அப்பா ஹைஸ்கூல் தலைமை ஆசிரியர். அவர் மகன் எழுதி 1935-ல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், வகுப்பில் பிள்ளைகளின் சாமியைக் கேலி செய்யும் வேத வகுப்பு வாத்தியார் ஒருவர் வருவார். வாத்தியாரே விஷம் கக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் வதந்தி பரவி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். அதே நாட்களில் மைசூரில் ஒரு திபெத்திய மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். முகத்தைப் பார்த்து வடகிழக்குக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பு மைசூர் மாவட்டத்திலேயே 1960-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அரை நூற்றாண்டு பக்கத்தில் இருந்தும் முகம் பழகவில்லை! 2014-ல் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா அடித்துக் கொல்லப்பட்ட பிறகு போடப்பட்ட பெஸ்பரூவா குழு, வடகிழக்கின் வரலாற்றைப் பள்ளியில் சொல்லிக்கொடுங்கள் என்றது. 2017-ல் என்சிஇஆர்டி அதற்கென்று ஒரு துணைப்பாட நூல் வெளியிட்டது. புத்தகம் வந்துவிட்டது. அதைத் திறப்பது பழையபடி வாத்தியார் கையில்தான்.

சரி, மெல்பர்னுக்கு வருவோம். மகளின் டீச்சர் என்ன செய்தார்? என் மிஸ் செய்ததைத்தான். அந்த வார்த்தையைக் கேட்காத மாதிரி கடந்து போகவில்லை. அந்தச் சிறுமியிடம் முதலில் போய், "நீ எதுவும் தப்பு செய்யவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அவளை வகுப்பின் முன் நிறுத்தி உன் நாட்டைப் பற்றிச் சொல் என்று காட்சிப்பொருளாக்கவில்லை. என் மகளைக் கெட்டவள் என்று முத்திரை குத்தாமல், சொன்னது ஏன் வலிக்கும் என்று தனியாகப் பேசியிருக்கிறார். மறுவாரம் வகுப்பு முழுவதற்கும் தோல் நிறம் எதனால் வருகிறது, மெலனின் என்றால் என்ன என்று அறிவியல் பாடம் நடத்தினார். கடைசியாக, வீட்டையும் கூப்பிட்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விஷயம்தான். முக்கியமானதும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். கறுப்பு, வெளுப்பு பேச்சு இனிமேல் குழந்தை முன்னால் வேண்டாம் என்றேன். "நான் என்னடா தப்பா சொல்லிட்டேன்?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு பேச்சு எப்படியோ அந்தத் தனி டம்ளருக்குப் போனது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பையன் இப்ப எங்கடா இருக்கான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்தாவதுக்குப் பிறகு நான் தேடவே இல்லை.

மகள் இப்போது அந்தச் சிறுமியோடு விளையாடுகிறாளா என்று கேட்கிறீர்களா? சில நாள் விளையாடுகிறாள், சில நாள் சண்டை போடுகிறாள். போன சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தங்கமணி இருவருக்கும் பால் ஆற்றிக் கொடுத்தாள். அலமாரியில் வரிசையாக இருந்த டம்ளர்களில் கைக்கு வந்த இரண்டை எடுத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தியாவிலோ வெளிநாட்டிலோ வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். என்னைப் போன்ற அப்பா அம்மாக்களுக்கு உதவியாக இருக்கும்.