கடனும் கூட்டுறவும்: கே.டி. பால் கண்ட வழி

சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் கிறித்தவம் தழுவிய பண்ணையாட்கள் பலர்க்குச் சமயம் மாறியதேயன்றிக் கடன் தீரவில்லை. திருமணத்திற்கு வாங்கிய சிறுதொகையும் அவர்தம் உழைப்பை நிலக்கிழாரிடம் பிணைத்தது. சிக்கனம், கடன்படாமை குறித்த திருச்சபையின் அறவுரை மட்டும் இதற்குத் தீர்வாகவில்லை. சேலத்தில் பிறந்த கே.டி. பால் (1876–1931) மாற்றுவழி நாடினார்.

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தது. இளைஞர் கிறித்தவ சங்கத்தின் ஊரகப் பணியை முன்னெடுத்த பால், ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் வழங்க 1916இல் சென்னையில் கிறித்தவ மையக் கூட்டுறவு வங்கி தோன்றக் காரணமானார். ஈடு வைக்க நிலமில்லாதார்க்கு உறுப்பினரின் கூட்டுப்பொறுப்பே ஈடாகும் என்பது ஜெர்மானியர் ரைபைசன் வகுத்த நெறி. தனிமனித ஒழுக்கக் குறையாகக் கருதப்பட்ட கடன், இந்நெறியில் சங்க உறுப்பினர் அனைவரின் பொறுப்பாயிற்று. அறவுரை நிறுவனமாக வளர்ந்ததே இம்முயற்சியின் வரலாற்றுச் சிறப்பு எனலாம்.