கோல நோட்டு

வாசலில் போடும் கோலங்களைப் பெண்கள் வரைந்துவைக்கும் ஏடு. பெரும்பாலும் பள்ளிக் கணக்கு நோட்டோ, பழைய டைரியோதான். சிலர் தேதியும் குறிப்பதுண்டு. வாசல் கோலம் அன்றே மிதிபட்டு அழியும், நோட்டு மகளுக்குப் போகும். கோலத்தின் தலையில் புள்ளிக் கணக்கு இருக்கும்: ‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை’. அதாவது நடுவரிசையில் 15. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் நிற்கும். மார்கழியில் பக்கங்கள் மளமளவென்று நிறையும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். கணிதம் மதித்த கோலத்தின் இந்த வரைவேட்டைக் கலையுலகமும் மதித்தாக வேண்டும்.