கருமுட்டையும் பிஸ்பினால்களும்: பெயர் மாறினால் தீங்கு மாறுமா?

1998 ஆகஸ்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எந்த வேதிப்பொருளும் கொடுக்கப்படாத ஒப்பீட்டு எலிகளின் கருமுட்டைகள் திடீரெனப் பிறழத் தொடங்கின. முட்டை உருவாகும் செல் பிரிவான குன்றல் பிரிவின்போது குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒழுங்காக வந்து நிற்க வேண்டும். வழக்கமாக நூற்றில் ஒன்றிரண்டு முட்டைகளில்தான் இது தவறும். இப்போது நாற்பதில் தவறியது. காரணம் கூண்டில் இருந்தது. தரை கழுவும் கடுங்காரக் கரைசலைக் கொண்டு யாரோ தவறுதலாகக் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவிவிட்டார்கள். கண்ணாடிபோல் இருந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மங்கி, அரிபட்டு, பிஸ்பினால் ஏ கசிந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பொருளையே அளந்து கொடுத்துப் பார்த்தபோதும் முட்டைகள் பிறழ்ந்தன. 2003இல் முடிவு வெளியானது.

விபத்து எதிர்பாராதது, விளைவு அப்படியல்ல. பிஸ்பினால் ஏ ஈஸ்ட்ரோஜனைப் போல் இயங்கும் என்பதை லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936இலேயே காட்டியிருந்தார். அதைவிட வீரியமான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் 1938இல் கிடைத்ததால் அதுவே மருந்தானது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு அரிய வகை யோனிப் புற்றுநோய் வருவதை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தனர். மருந்தாகாமல் ஒதுங்கிய பிஸ்பினால் ஏயோ, 1950களுக்குப் பின் பாலிகார்பனேட்டின் மூலப்பொருளாகச் சமையலறைக்குள் வந்தது. ஹார்மோன்போல் வேலை செய்யும் என்று தெரிந்த பொருளை உணவோடு உறவாட விட்டது, என் பார்வையில், மன்னிக்க முடியாத அலட்சியம்.

உடலில் சேரும் பிஸ்பினால் ஏயில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடுகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அன்றாடம் புதிதாக வந்து சேர்கிறது. அதோடு, பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குன்றல் பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. அந்தச் சில வாரங்களில் நேரும் பழுதை, பிறகு வெளியேறும் சிறுநீர் சரிசெய்யாது. கருவுற்ற எலிக்குப் பிஸ்பினால் ஏ கொடுத்தபோது, வயிற்றிலிருந்த பெண்குட்டியின் முட்டைகள் கெட்டதை ஹன்ட் குழு 2007இல் காட்டியது. பாட்டி உட்கொண்டதற்குப் பேத்தி விலை கொடுக்கிறாள்.

எலியும் பெண்ணும் ஒன்றல்ல. மனிதரிடம் இத்தகைய சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆயினும் பாஸ்டனில் செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த பெண்களிடம், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் வேறொரு வேதிக் குடும்பமான தாலேட்டுகளின் எச்சம் சிறுநீரில் கூடுதலாக இருந்தவர்களிடமிருந்து குறைவான முட்டைகளே கிடைத்தன. உயிருள்ள பிறப்பும் குறைந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. முழு நிறுவலுக்காகக் காத்திருப்பதன் செலவைத் தாய்மார்தான் சுமக்கிறார்கள்.

பிஸ்பினால் ஏக்குத் தடைகள் வந்ததும் உற்பத்தியாளர்கள் பிஸ்பினால் எஸ் முதலிய உறவுப்பொருள்களுக்கு மாறி, ‘பிஸ்பினால் ஏ இல்லாதது’ என்று அச்சிட்டார்கள். இருபதாண்டு கழித்து ஹன்ட்டின் ஆய்வகத்தில் பழைய விபத்து மீண்டும் நேர்ந்தது. இம்முறை சேதமான பாலிசல்போன் கூண்டுகளிலிருந்து கசிந்தது பிஸ்பினால் எஸ். முட்டைகளில் மறுபடி பிறழ்வு. 2018இல் அது வெளியானது.

ஆகவே பொருளுக்குப் பொருள் தடை போடுவது பயனற்றது. வேதிக் குடும்பத்தையே கட்டுப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிஸ்பினால் ஏயின் அன்றாடப் பாதுகாப்பு வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் தடை, உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பினால் ஏயோடு தீங்கான பிற பிஸ்பினால்களையும் சேர்த்தே விலக்குகிறது. நம் உணவுப் பொதி விதிகளும் இவ்வாறே எழுதப்பட வேண்டும்.