எண்ணூரில் மாறிய திட்டம்

மீஞ்சூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் ஒரு ஃபாரத்தோடு வீட்டுக்கு வந்தார். பேங்க் லோனுக்கு 5 வருஷத் திட்டம் எழுதித் தரணுமாம். "அடுத்த மாசம் ஆர்டர் வருமான்னே தெரியல சார், 5 வருஷத்துக்கு என்னத்த எழுத?" என்றார். அவருக்குச் சொன்ன பக்கத்து ஊர்க் கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் அவருடைய மகன் பெயர். இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் செய்து விற்பதுதான் திட்டம். 1949-ல் கார்கள் வெளியே வந்தன.

ஆனால் அன்றைக்குக் கார் வாங்க எத்தனை பேரால் முடியும்? நாட்டுக்கு அதிகம் தேவைப்பட்டது லாரியும் பஸ்ஸும்தான். இதைப் புரிந்துகொண்ட சரண், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு பேசத் தொடங்கினார். பிறகு ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். ஆனால் அவருடைய யோசனை நிற்கவில்லை. 1950-ல் போட்ட ஒப்பந்தப்படி காமெட் லாரிகள் எண்ணூருக்கு வந்தன.

அடுத்த அடி டெல்லியிலிருந்து. இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாத, வெறும் அசெம்பிளி கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று 1953-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. 1920-களிலேயே இந்தியாவுக்கு வந்திருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எண்ணூர்க்காரர்கள் தயாரிப்பில் இறங்கச் சம்மதித்து 1954-ல் அனுமதி வாங்கினார்கள். லேலண்டும் பங்குதாரராகச் சேர, 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது.

ஏழே வருஷத்தில் சரக்கு, கூட்டாளி, பெயர் எல்லாம் மாறிவிட்டன. எண்ணூர் ஆலையும், வண்டியை உருவாக்கும் கைப்பழக்கமும் மாறவில்லை. அரசு அனுமதியும் லேலண்டின் முதலும் அவர்களுக்குக் கை கொடுத்தன என்பதையும் சொல்லணும். நம் நண்பருக்கு அதெல்லாம் கிடையாது. அதனாலேயே அவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவர் லோன் கேட்டது ஒரே ஒரு இன்ஜின் பாகத்தை மட்டும் செய்யும் எஸ்.பி.எம். மெஷினுக்கு. அதையும் வாங்கப்போவது ஒரே கம்பெனி. எலக்ட்ரிக் வண்டியில் அந்தப் பாகமே கிடையாது. "இந்த ஆர்டர் நின்னா, அந்த மெஷின்ல வேற என்ன வேலை ஓட்டுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எஸ்.பி.எம். என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பல வேலைக்கும் ஆகும் சி.என்.சி. லேத் என்று எழுதினார். தவணை முடியும் வரை தூக்கம் வராது என்றார். அது உண்மைதான்.