வீட்டு ஒலிநாடாவும் வானொலிக் கச்சேரியும்: கருநாடக இசை வரலாற்றுக்கான சான்றுகள்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுக் கருநாடக இசை வரலாற்றை எழுத வணிக இசைத்தட்டுகளும் இதழ் விமரிசனங்களும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை இரசிகர்கள் தம் வீட்டில் பதிந்துவைத்த ஒலிநாடாக்கள் மற்றொரு வகைச் சான்றாகும். அவற்றின் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒலிபரப்பும் பதிவும்

1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 சூன் 16 அன்று அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் செயற்படத் தொடங்கின. இசைக்கான தேசிய நிகழ்ச்சி 1952ஆம் ஆண்டிலும், வானொலி சங்கீத சம்மேளனம் 1954ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின.

அக்கால 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு நிமிடமே ஓடும். எனவே விரிவான ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் ஆகியவை அதில் முழுமையாக இடம்பெற இயலவில்லை. வானொலிக் கச்சேரி அவற்றுக்கு இடமளித்தது. ஆனால், நாடாவின் விலை கருதிப் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது பல நாட்டு ஒலிபரப்பு நிலையங்களிலும் வழக்கமாக இருந்தது. 1942 சூலை 19 அன்று அமெரிக்காவில் டோஸ்கனினி நடத்திய ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனி ஒலிபரப்பு, பதிந்து பேணப்பட்டமையால் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. நிலையம் பேணாத கச்சேரிக்கு இரசிகரின் நாடாவே எஞ்சிய சான்றாக அமையக்கூடும்.

சான்றாய்வு

இந்நாடாக்களை அவ்வாறே ஏற்றல் கூடாது. ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா இருப்பின், நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடமே ஓடும். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் இடையில் நாடாவைத் திருப்ப நேரும். அவ்விடைவெளியைப் பாடகர் பாடாது விட்ட பகுதி எனக் கருதுதல் பிழையாகும். மேலும், நாடா ஏறத்தாழ ஆறு விழுக்காடு விரைந்து ஓடினால் சுருதி அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். பதிவில் கலந்துள்ள 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை அளந்து வேகத்தைத் தோராயமாகச் சரிபார்க்கலாம். தொடக்க, நிறைவு அறிவிப்புகளை வெட்டாது வைத்திருந்தால் கலைஞர், பக்கவாத்தியக்காரர் பெயர்களை உறுதிசெய்யலாம்.

கேட்டோரும் பதிந்தோரும்

மத்திய அலை ஒலிபரப்பு கடல்நீர்ப் பரப்பின்மேல் குறைந்த இழப்புடன் பரவும். சென்னைக்கு வடக்கே, சபாக்களிலிருந்து தொலைவிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்கள் சென்னை ஒலிபரப்பின் எல்லைக்குள் அமைந்தவை. டிரான்சிஸ்டர் வானொலிக்கு மின்கலமே போதும். சுருள்நாடாப் பதிவுக் கருவியோ விலையுயர்ந்தது. பெரும்பாலும் மின் இணைப்பையும் வேண்டியது. ஆகவே கேட்டோர் வட்டம் பெரிது. பதிந்தோர் வட்டம் சிறிது. எதைப் பதிவது, எதை அழிப்பது என்பதை அச்சிறு வட்டத்தின் சுவையே தீர்மானித்தது. நாடாக்களில் ஒரு கலைஞர் மிகுதியாகக் காணப்படுவது அவர் மிகுதியாகக் கேட்கப்பட்டார் என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

வீட்டு நாடா இசை நிகழ்த்துமுறைக்கு வலுவான சான்று. கேட்போர் வரலாற்றுக்கோ குறைச்சான்று. ஈரக்காற்றில் நாடாவின் பூச்சு சிதைகிறது. உரியவர் மறைந்தபின் பெட்டியோடு கழிக்கப்படவும் கூடும். எனவே ஒலியை எண்மமாக்கும்போதே பதிந்தவர், இடம், கருவி, வேகம், உறைக்குறிப்பு ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். இவ்விவரங்கள் இன்றி ஒலி மட்டும் எஞ்சுமாயின், அது கேட்டு இன்புற உதவும். வரலாறு எழுத உதவாது.