இனம் கேட்கும் கட்டம்: நாய்க் காப்பீட்டுக்கு ஓர் உரை

நாய்க்கென்று ஒரு பாலிசியைப் பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பல காலமாக வைத்திருக்கின்றன. அதன் முக்கியமான தொடர்களையும், தனியார் பாலிசிகளில் காணும் ஓரிரு தொடர்களையும் ராஜபாளையத்து நாயையும் சிப்பிப்பாறை நாயையும் மனத்தில் வைத்துப் படிப்பதே இவ்வுரை. இந்த இரண்டு இனங்களும் ஊர்ப்பெயரைச் சுமப்பவை. இரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளவை.

“நாட்டினம், கலப்பினம், அயலினம்”

மூன்றுக்கும் பாலிசியில் இடம் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் ‘நாட்டு நாய்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், தெருவில் பிறந்த குட்டியும் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த ராஜபாளையமும் ஒரே கணக்கில் விழும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆகவே இனம் கேட்கும் கட்டத்தில் ஊர்ப்பெயரையே எழுத வேண்டும். கென்னல் கிளப் சான்று இருந்தால் அதையும் இணைக்க வேண்டும்.

“காப்புத் தொகை: நாயின் சந்தை மதிப்பு”

இனம் பிரீமியத்துக்குள் நுழையும் வாசல் இதுதான். பிரீமியம் என்பது காப்புத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10,000 ரூபாய் மதிப்புள்ள நாய்க்கு 500 ரூபாய். 60,000 ரூபாய் மதிப்புள்ள நாய்க்கு 3,000 ரூபாய். விலை உயர்ந்த இனத்துக்குக் கூடுதலாகக் கட்டுகிறோம். நாய் இறந்தால் கூடுதலாகப் பெறுகிறோம்.

இது மாட்டுக்குப் போடும் கணக்கு. நாயின் உடலைப் பார்த்துப் போட்டதல்ல. சிவகாசியில் ஓர் அச்சகமும் ஒரு பட்டாசு ஆலையும் ஒரே மதிப்புள்ளவையாக இருந்தாலும் தீ விபத்துக் காப்பீட்டில் இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத்தான் விகிதம் சொல்வார்கள். நாய்க்கும் அப்படிக் கேட்பதே நியாயம். சப்பை மூக்குப் பக் நாய்க்குச் சாதாரண வெயிலிலேயே மூச்சு முட்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வரும். நீண்ட முகமும் ஒட்டிய வயிறுமாக வெயிலில் ஓடவே பிறந்தது சிப்பிப்பாறை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரீமியம் ஏறி இறங்குகிறது. பிரெஞ்சு புல்டாக் வளர்ப்பவர் கலப்பின நாய் வளர்ப்பவரைவிடப் பெரும்பாலும் மிக அதிகமாகக் கட்டுகிறார்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அது எப்படி முடிந்தது? பதிவேடுகளால். சுவீடனில் 1924-லேயே நாய்க்குக் காப்பீடு தொடங்கிவிட்டது. அங்கே சேர்ந்த லட்சக்கணக்கான நாய்களின் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு, எந்த இனம் எந்த வயதில் எந்த நோயால் இறக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் இனங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வர வேண்டுமென்றால், நாய்க்குப் பாலிசி எடுக்க வேண்டும், கோரிக்கைப் படிவத்தில் இனத்தின் பெயரும் நோயின் பெயரும் சரியாக ஏற வேண்டும். ராஜபாளையம் திடகாத்திரமான நாய் என்று நாம் பெருமையாகச் சொல்வது, அப்போதுதான் பிரீமியத்தைக் குறைக்கும் சான்றாக மாறும்.

“எட்டு வாரம் முதல் எட்டு வயது வரை”

பொதுத்துறை பாலிசியில் எல்லா இனத்துக்கும் இதே எல்லை. தனியார் நிறுவனமான பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் கொண்டுவந்த பாலிசி உடலளவைப் பார்த்தது: பேருருவ இனங்கள் நான்கு வயதுக்குள் சேர வேண்டும், மற்றவை ஏழு வயது வரை சேரலாம். கிரேட் டேன் போன்றவை சீக்கிரம் மூப்படைவதே காரணம். ராஜபாளையம் தோளுயரத்தில் இரண்டடியைத் தாண்டினாலும் எடை குறைந்த, ஒடிசலான நாய். அதைப் பேருருவப் பட்டியலில் சேர்க்க விடக்கூடாது. எடையைக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

“பிறவிக் குறைபாடு நீங்கலாக”

மருத்துவச் செலவு தரும் பாலிசிகளில் வழக்கமாக வரும் தொடர் இது. ராஜபாளையம் வளர்ப்பவர் நின்று படிக்க வேண்டிய இடமும் இதுவே. பால் வெள்ளை ரோமமும் ரோஸ் மூக்கும் அதன் அழகு. ஆனால் ரோமத்துக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துவிடும். இந்த இனத்தில் காது கேளாக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே. சரவெடிக்கும் அசையாத குட்டியைத் தைரியசாலி என்று மெச்சுமுன், முதுகுப் பக்கமாக நின்று கைதட்டிப் பாருங்கள். இந்தத் தொடரைக் காட்டி இந்தக் குறைக்கு நிறுவனங்கள் பணம் தர மறுப்பதில் எனக்குக் கோபமில்லை. காது கேளாத நாயையும் அதன் பெற்றோரையும் மீண்டும் இணை சேர்ப்பவர்மீதுதான் கோபம்.

“மூன்றாம் நபர் பொறுப்பு: கூடுதல் பிரீமியத்தின் பேரில்”

நாய் பிறரைக் கடித்தால் வரும் இழப்பீட்டுக்கு இது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மூர்க்கமானவை என்று 23 இனங்களைப் பட்டியலிட்டது. அதில் தமிழ்நாட்டு இனம் ஏதுமில்லை. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இருந்தாலும் ராஜபாளையம் ஒரு வீட்டுக்கு மட்டும் பழகும் காவல் நாய். அந்நியரை எளிதில் அண்டவிடாது. தோட்டத்திலும் தோப்பிலும் சுற்றுச்சுவர் இல்லாமல் அவிழ்த்துவிடுகிறவர், மற்ற கூடுதல் பிரிவுகளை விட்டாலும் இதை விடக்கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசி போடாமல் நாய் வெறிநோயில் இறந்தால் காப்புத் தொகையும் கிடைக்காது.