விஆர் ஹெட்செட்: முதல் ஆளாக வாங்கலாமா, காத்திருக்கலாமா? 2016 சொல்லும் கணக்கு

"புது டெக்னாலஜி வந்தா முதல் வருஷமே வாங்கிடலாமா, இல்ல ரெண்டு மூணு வருஷம் பொறுக்கலாமா?" கேமர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி இது. விஆர் எனப்படும் மெய்நிகர் உலக ஹெட்செட் விஷயத்தில் இதற்கு பதில் தேட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் 2016-ம் ஆண்டு.

அந்த ஒரே ஆண்டில் மூன்று பெரிய விஆர் ஹெட்செட்கள் அமெரிக்க சந்தையில் விற்பனைக்கு வந்தன. உடனே வாங்கியவர்களும் உண்டு, "பார்த்துக்கலாம்" என்று ஒதுங்கியவர்களும் உண்டு. இருவரில் யாருக்கு லாபம்? அதே பழைய ஹெட்செட் இன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

2016-ல் என்னதான் வந்தது?

கதை 2012-ல் தொடங்குகிறது. பால்மர் லக்கி என்ற இளைஞரின் ஆக்குலஸ் நிறுவனம், கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டது. சுமார் 24 லட்சம் டாலர் சேர்ந்தது. 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்ததும் மொத்த கேமிங் உலகமும் விஆர் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு கடைக்கு வந்தவை இவை:

- ஆக்குலஸ் ரிஃப்ட்: 2016 மார்ச் 28, விலை 599 டாலர்
- எச்டிசி வைவ்: 2016 ஏப்ரல் 5, விலை 799 டாலர்
- சோனி பிளேஸ்டேஷன் விஆர்: 2016 அக்டோபர் 13, விலை 399 டாலர்

ரிஃப்ட் விலை 350 டாலரை ஒட்டி, அதைவிட கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று 2015-ல் பால்மர் லக்கி பேசியிருந்தார். 599 என்று அறிவிப்பு வந்ததும் கேமர்கள் கொந்தளித்தனர். விலையை சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்று அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதோடு நிற்கவில்லை. உதிரி பாகங்கள் தட்டுப்பாட்டால், முன்பதிவு செய்த பலருக்கு ரிஃப்ட் தாமதமாகத்தான் கைக்கு வந்தது.

பெட்டி விலை வேறு, மொத்த செலவு வேறு

முதலில் வாங்கியவர்களில் பலர் சறுக்கிய இடம் இதுதான். ரிஃப்ட் பெட்டிக்குள் ஹெட்செட், ஒரு சென்சார், ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருந்தன. ஆனால் விஆருக்குள் கையை நீட்டி பொருளை எடுக்க உதவும் 'டச்' கன்ட்ரோலர்கள் அதில் இல்லை. அவை 2016 டிசம்பரில்தான் தனியாக வந்தன, விலை 199 டாலர். இரண்டையும் கூட்டினால் 798 டாலர்.

இதை ஓட்ட கணினி வேண்டுமே? ஆக்குலஸ் பரிந்துரைத்தது, குறைந்தது என்விடியா ஜிடிஎக்ஸ் 970 அல்லது அதற்கு இணையான கிராபிக்ஸ் கார்டு, இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், பல யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள். சாதாரண வீட்டு லேப்டாப்பில் இதெல்லாம் கிடையாது. ஹெட்செட்டையும் தகுதியான கணினியையும் சேர்த்து விற்ற பேக்கேஜ் 1,499 டாலரில்தான் தொடங்கியது. அதாவது பெட்டியில் எழுதியிருந்த விலையைப் போல் இரண்டரை மடங்கு!

வைவ் விலை அதிகம் என்றாலும், கை கன்ட்ரோலர்களும் அறையின் மூலைகளில் பொருத்தும் இரண்டு பேஸ் ஸ்டேஷன்களும் பெட்டிக்குள்ளேயே வந்தன. ஆனால் அதை நடந்து விளையாட குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் காலி இடம் தேவை. கட்டில், மேசை, பீரோ எல்லாம் போக படுக்கையறையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டிய பொருள் அது.

பிளேஸ்டேஷன் விஆர் கொஞ்சம் எளிது. ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4 இருந்தால் போதும். ஆனால் 399 டாலர் பெட்டியில் கேமரா கிடையாது. கேமரா இல்லாமல் தலை அசைவை அது கண்டுபிடிக்காது. கேமரா, மூவ் கன்ட்ரோலர்கள் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் 499 டாலர்.

காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு மிச்சம்?

விலை எப்படி இறங்கியது என்று பாருங்கள்.

- ரிஃப்ட், டச் இரண்டும் சேர்த்து 2016 டிசம்பரில் 798 டாலர்
- 2017 மார்ச்சில் 598 டாலர்
- 2017 ஜூலை சலுகை விற்பனையில் 399 டாலர்
- எச்டிசி வைவ் 799-ல் இருந்து 2017 ஆகஸ்ட்டில் 599, 2018 மார்ச்சில் 499 டாலர்

டிசம்பரில் டச் வாங்கி செட்டை முழுமையாக்கியவர் கொடுத்ததில் பாதி விலைக்கு, ஏழே மாதத்தில் அதே செட்டை இன்னொருவர் வாங்கிவிட்டார். அதே பொருள், அதே தரம்! 2020-ல் வந்த குவெஸ்ட் 2 இன்னும் ஒரு படி மேல். கணினியே தேவையில்லை, வயர் இல்லை, விலை 299 டாலர்.

திரையிலும் பெரிய வித்தியாசம். ரிஃப்ட், வைவ் இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சல். கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் படம் கொசுவலை வழியாகத் தெரிவது போல இருக்கும். தூரத்தில் உள்ள எழுத்துகளைப் படிப்பதும் சிரமம். குவெஸ்ட் 2-ல் இது 1832க்கு 1920 ஆக உயர்ந்தது. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பொறுத்தவர்களே ஜெயித்தார்கள்.

தலை சுற்றுமா?

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. விஆரில் நீங்கள் ஓடுவது போல கண் பார்க்கிறது. ஆனால் உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கிறது என்று உள்காது சொல்கிறது. இந்த இரண்டு தகவலும் மோதும்போது சிலருக்கு பேருந்தில் வருவது போன்ற குமட்டல் வரும். படம் தலை அசைவுக்குப் பின்தங்கினால் இன்னும் மோசமாகும். அதனால்தான் ரிஃப்ட், வைவ் இரண்டும் நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்தன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத்தான் பவர்ஃபுல்லான கணினி தேவைப்பட்டது.

கேம் தயாரிப்பாளர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடப்பதற்கு பதிலாக, கை காட்டிய இடத்துக்கு சட்டென்று தாவும் முறை அது. விமானம், கார் போன்ற கேம்களில் சுற்றிலும் ஒரு காக்பிட் நிலையாகத் தெரிவதால் பலருக்கு தொந்தரவு குறைகிறது.

குமட்டல் ஆரம்பித்தால் உடனே கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்றைய நாளே வீணாகிவிடும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு எடுக்கச் சொல்லி ஆக்குலஸே அறிவுறுத்தியது. குழந்தைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று ஆக்குலஸும், 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று சோனியும் எச்சரித்தன. அதனால் சின்னப் பசங்களுக்கு பரிசாக வாங்க நினைத்தவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

விளையாட என்ன இருந்தது?

ரிஃப்ட் வெளியானபோது சுமார் 30 கேம்கள் இருந்தன. 'லக்கிஸ் டேல்', விண்வெளிப் போர் கேமான 'ஈவ்: வால்கிரி' போன்றவை முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசம். பல கேம்கள் சிறியவை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். "டெமோ மாதிரி இருக்கு, முழு கேம் எங்கே?" என்ற புலம்பல் அப்போது சகஜம்.

பெரிய கேம்கள் மெதுவாகத்தான் வந்தன. 'ரெசிடென்ட் ஈவில் 7' முழுவதையும் பிளேஸ்டேஷன் விஆரில் விளையாடும் வசதி 2017 ஜனவரியில் வந்தது. 'பீட் சேபர்' 2018-ல். விஆரின் மிகப்பெரிய கேம் என்று பலரும் சொல்லும் 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' 2020 மார்ச்சில். நான்கு வருஷம் பழைய ரிஃப்டிலும் வைவிலும் அது ஓடியது என்பது முதலில் வாங்கியவர்களுக்கு ஆறுதல். ஆனால் அந்த ஒரு கேமுக்காக 2016-லேயே பணம் போட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியென்றால் முதல் ஆண்டில் வாங்கியதில் திருப்தி அடைந்தவர்களே இல்லையா? இருந்தார்கள். 'எலைட் டேஞ்சரஸ்', 'புராஜெக்ட் கார்ஸ்' போன்ற கேம்களை ஏற்கெனவே மணிக்கணக்கில் விளையாடி வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பவர்ஃபுல் கணினி வீட்டில் இருந்தது. ஸ்டீயரிங்கோ ஜாய்ஸ்டிக்கோ மேசையில் இருந்தது. உட்கார்ந்தே விளையாடலாம், காலி இடம் வேண்டாம். தலையைத் திருப்பி பக்கத்தில் வரும் காரைப் பார்க்கலாம். இவர்களுக்கு கூடுதல் செலவு ஹெட்செட் மட்டும்தான். பலன் முதல் நாளே கிடைத்தது.

கம்பெனி கைவிட்டால் என்ன ஆகும்?

டிவி, மானிட்டர் வாங்கினால் தயாரித்த நிறுவனம் அதை மறந்துவிட்டாலும் அது ஓடும். விஆர் ஹெட்செட் அப்படியல்ல. சாஃப்ட்வேர், ஆன்லைன் கணக்கு, ஸ்டோர் எல்லாமே நிறுவனத்தின் கையில். சில உதாரணங்கள்:

- நின்டென்டோ 1995-ல் கொண்டுவந்த 'வர்ச்சுவல் பாய்' சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டியது. அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.
- கூகுளின் 'டேட்ரீம்' 2016-ல் வந்தது. 2019-ல் விற்பனை நிறுத்தப்பட்டது.
- ஆக்குலஸை புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்று 2020-ல் மாற்றினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2022-ல் அதைத் தளர்த்தினார்கள்.
- 2023-ல் வந்த பிளேஸ்டேஷன் விஆர் 2-ல் பழைய விஆர் கேம் டிஸ்க்குகள் ஓடாது. தனியாக அப்டேட் வந்த கேம்கள் மட்டுமே விதிவிலக்கு.
- மைக்ரோசாஃப்ட்டின் 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' ஹெட்செட்கள் 2017-ல் வந்தன. 2024-ல் வெளியான விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டார்கள். ஹார்டுவேரில் எந்தக் கோளாறும் இல்லாத ஹெட்செட்கள், ஒரு அப்டேட்டால் முடங்கின.

முதல் தலைமுறை பொருளில் இந்த ரிஸ்க் அதிகம். ஏன்னா, விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை என்றால் நிறுவனம் பாதியிலேயே வேறு திசைக்குப் போய்விடும்.

பழைய ஹெட்செட் மலிவாக வந்தால் வாங்கலாமா?

2016 மாடல் ஹெட்செட் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

- லென்ஸை உற்றுப் பாருங்கள். வெயிலில் வைத்திருந்தால் லென்ஸ் பூதக்கண்ணாடி போல வேலை செய்து உள்ளே திரையைச் சுட்டுவிடும். படத்தில் புள்ளியோ கோடோ தெரிந்தால் அது சரியாகாது.
- கேபிளை அசைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் வேண்டாம். பழைய மாடல்களுக்கு மாற்று கேபிள் கிடைப்பது கஷ்டம்.
- எல்லா பாகங்களும் இருக்கிறதா? ரிஃப்டுக்கு சென்சார்கள், வைவுக்கு பேஸ் ஸ்டேஷன்கள், பிளேஸ்டேஷன் விஆருக்கு கேமராவும் பிராசஸர் பெட்டியும் கட்டாயம்.
- பிளேஸ்டேஷன் விஆரின் முதல் மாடல் என்றால், அதன் பிராசஸர் பெட்டி வழியாக டிவிக்கு எச்டிஆர் படம் போகாது. 2017-ல் வந்த திருத்திய மாடலில் இந்தக் குறை இல்லை.
- கண்ணாடி அணிபவர் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கண்ணாடி லென்ஸில் உரசினால் கீறல் விழும்.
- விற்பவரிடமே ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "வீட்ல போய் அப்டேட் பண்ணா ஓடும்" என்ற பதிலை நம்ப வேண்டாம்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள்

முதல் தலைமுறை ஹெட்செட் எதுவாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று, அதை ஓட்டும் கணினியோ கன்சோலோ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை.

இரண்டு, கடையிலோ நண்பர் வீட்டிலோ குறைந்தது 20 நிமிடம் போட்டுப் பார்த்தாச்சா? உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்பதை எந்த ரிவியூவும் சொல்ல முடியாது.

மூன்று, இன்றைக்கே விற்பனையில் இருக்கும் எந்த கேமை விளையாடப் போகிறீர்கள்? பெயர் சொல்ல முடிந்தால், அதுவும் மாதக்கணக்கில் விளையாடக்கூடியது என்றால், வாங்குவதில் தப்பில்லை. விலை குறையும்போது கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். "இனிமேல் நல்ல கேம் வரும்" என்பது மட்டுமே காரணம் என்றால், அந்த கேம் வரும் வரை பணம் பையிலேயே இருக்கட்டும். அது வரும்போது ஹெட்செட் விலையும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.